பிரசங்கஞ் செய்வார் தம்மைத் தாம் ஆராய்தல்

மனம், வாக்கு, காயம் என்னுந் திரிகரணங்களுள் நடுவணதாகிய வாக்கு ஏனையிரண்டினும் வேறானதோர் இயல்புடையது. மனத்தின் நினைவு நினைப்பவன் ஒருவனுக்கே வெளியாம். காயத்தின் செயல் அருகிருப்பார் சிலரைத் தொடும். வாக்கோ ஒருவன் வாயினின்றும் புறப்பட்டு நூறு செவியிற் புகுந்து, அந்நூறு பேருடைய மனத்தையுங் காயத்தையும் ஏவவல்லது. புறப்பட்டபின் அதனை மீட்டல் எவர்க்கும் இயலாது. ஆதலின், திரிகரணங்களுள் மிகுந்த காவல் வேண்டப்படுவது வாக்கேயாம்.

சைவாசிரியர்களாகிய நமக்கு இக்காவல் இருமடங்காக உரியது. பகலிற் பள்ளிக்கூடத்திலே சைவநெறிப் பாடஞ் சொல்லுகின்றோம். விடுமுறை நாளிலே அறநெறிப் பாடசாலையிற் சிறுவர்க்குத் திருமுறை பயிற்றுகின்றோம். திருவிழாக் காலத்தும், நாயன்மார் குருபூசைத் தினங்களிலும், நவராத்திரி திருவெம்பாவை நாட்களிலும் கோயின் மண்டபத்தில் எழுந்து நின்று பேசுமாறு அழைக்கப்படுகின்றோம். ஊரில் ஒருவர் இறந்தபொழுது இரங்கலுரை கூறவேண்டுமென்று முதலில் நினைக்கப்படுபவரும் பெரும்பாலும் ஆசிரியரே. இங்ஙனம் ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் நாம், பேசி முடிந்தபின் நம்முடைய பேச்சை நாமே எடுத்து நோக்குகின்றோமா? நோக்குவோமாயின் எந்த அளவுகோல் கொண்டு அளக்கின்றோம்? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

உலகத்தார் வழங்கும் அளவுகோல் ஒன்றுண்டு. சபையார் கைதட்டினர், பொன்னாடை போர்த்தனர், "ஐயா, நல்லாய்ச் சொன்னீங்கள்" என்று வாயிலில் இருவர் கூறினர், ஆகவே பிரசங்கம் நன்று என்பது. இவ்வளவுகோல் பொய்யென்று யாம் கூறமாட்டேம், குறையுடையதென்றே கூறுவேம். கைதட்டல் செவி பெற்ற இன்பத்துக்குச் சான்றாகுமேயன்றி, உயிர் பெற்ற பயனுக்குச் சான்றாகாது. மேலும், நன்றென்று சொல்ல வருபவரே நம்மிடம் வருவர். மனம் நொந்து எழுந்து போனவர் வந்து சொல்லார். அவரது மௌனத்தை நாம் கேட்பதில்லை. ஆதலின் புறத்தார் கூற்றை மாத்திரம் நம்பியிருப்பவன் தன் பேச்சின் ஒரு பாதியையே அறிந்தவனாவன்.

இப்பொருளை ஆராயுமிடத்து நம் நாட்டிற் சைவப் பிரசங்கம் தோன்றிய வரலாற்றை நினைத்தல் தகும். நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) தமது முதற் சைவப் பிரசங்கத்தை 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே செய்தருளினார். அப்பொழுது அவருக்கு வயது 25. நாவலர் என்னும் பட்டம் இன்னுங் கிடைத்திலது. அஃது 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் வழங்கப்பட்டது. அந்நாட்களில் நம் கோயில்களிற் புராணபடனம் உண்டு. ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனை வகுத்து, எளிய வசன நடையிலே பொதுமக்களை நேர்நோக்கி வாரந்தோறும் பேசுதல் புதிது. வெசுலியன் பாதிரிமாரது பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய நாவலரவர்கள், பாதிரிமார் பிரசங்கத்தின் அமைப்பை அருகிருந்து கண்டவர். அவ்வமைப்பினைக் கொண்டு கொல்லாமை, கள்ளுண்ணாமை, சிவலிங்க வழிபாடு, தீட்சை, தானம் முதலிய பொருள்களைச் சைவமக்களுக்கு விளக்கினார். பிறர் கையிலிருந்த கருவி நன்றாயின், அதனை நம் பொருளுக்கு ஆக்கிக்கொள்ளலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இவ்வரலாற்றிலே பலரும் நோக்காது செல்லும் ஒரு செய்தியுண்டு. வெள்ளிக்கிழமைதோறும் நடந்த அப்பிரசங்கத்தை நாவலரவர்கள் தாம் ஒருவரே செய்திலர். நல்லூர்க் கார்த்திகேயையரும் அவரும் மாறிமாறிச் செய்துவந்தனர். ஒரு வாரம் வாயாக நின்றவர் மறுவாரம் செவியாக இருந்தார். பேசுவோன் தன்னை ஆராய்தற்கு இதனினும் நல்ல ஒழுங்கு யாமறியேம். தான் நின்ற அதே இடத்தில் மற்றொருவர் நிற்க, தன் முன்னிருந்த அதே மக்களோடு தானும் அமர்ந்து கேட்பவனுக்கு, எவ்விடத்திற் சபை சோர்கின்றது, எச்சொல்லிற் பிள்ளைகள் நிமிர்கின்றார்கள், எப்பொழுது கிழவியர் வெற்றிலைப் பையைத் தேடுகின்றார்கள் என்பன தாமே விளங்கும். இக்காலத்திலோ, தமது உரை முடிந்தவுடன் "வேறோர் இடத்துக்குச் செல்லவேண்டும்" என்று கூறி மேடையினின்றும் இறங்கிப் போகும் பேச்சாளரே பலர். பிறர் பேச்சுக்குச் செவி கொடாதவன் தன் பேச்சின் குற்றத்தையுங் கேட்கமாட்டான்.

இனி, அளவுகோல் யாதெனின், அதனைப் புறத்தே தேடவேண்டுவதில்லை. நம் சித்தாந்த நூல்களிலேயே உளது. வாக்குச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படும் என்பர் பெரியோர். பிறர் செவிக்குக் கேட்பது வைகரி. ஒலியாய் வெளிப்படாது உள்ளத்துள்ளே சொற்கள் நிரல்பட நிற்பது மத்திமை. அந்நிரலும் தோன்றாது, மயிலின் முட்டையில் உள்ள நீரிற் பல வண்ணமும் பிரிவின்றி அடங்கி நிற்றல்போலப் பொருள் அடங்கி நிற்பது பைசந்தி. அவற்றுக்கெல்லாம் மூலமாய் நிற்பது சூக்குமை. பேச்சுப் பிறக்கும்பொழுது அகத்தினின்றும் புறத்துக்கு வருகின்றது. ஆராய்ச்சியோ புறத்தினின்றும் அகத்துக்குச் செல்லுதல் வேண்டும். அம்முறையே யாமும் செல்லுவேம்.

முதலாவது வைகரி. குரல், உச்சரிப்பு, விரைவு, நிறுத்தம் என்பன இதிலடங்கும். ழகர ளகர வேறுபாடு தெரியப் பேசாத ஆசிரியனிடம் தேவாரம் பயிலும் பிள்ளை அவ்வழுவையே ஓதும். ஒலிபெருக்கி வந்தபின் உரத்துப் பேசவேண்டிய தேவை ஒழிந்தது. ஆயினும் உரத்துப் பேசும் வழக்கம் ஒழிந்திலது. கூவிப் பேசுதல் ஊக்கம் எனவும், மூச்சுவிடாது பேசுதல் புலமை எனவும் மயங்குவாருளர். ஒலிபெருக்கியின் முன் மெல்ல நிறுத்திக் கூறிய ஒரு வாக்கியம், கூவிய பத்து வாக்கியங்களினும் ஆழச் செல்லும். இப்பகுதியிலுள்ள குற்றங்கள் பயிற்சியால் நீங்குவன. யவன தேசத்துத் தெமொசுதெனிசு என்பான் முதன்முறை சபையிற் பேசியபொழுது நகைக்கப்பட்டான் எனவும், பின்னர் வாயிற் கூழாங்கற்களை இட்டுப் பேசித் தன் நாவைத் திருத்தினான் எனவும் புளூதாக்கு எழுதிய சரித்திரங் கூறும். நமக்கோ கூழாங்கல்லும் வேண்டா. ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியே நம் குரலைப் பதிந்து திருப்பித் தரும். தன் குரலைத் தான் கேட்டல் பலருக்குக் கசப்பாயிருக்கும். வேம்பின் கசப்புப் போல அது நன்மை பயப்பது.

இரண்டாவது மத்திமை. நினைவின் ஒழுங்கு இதிலடங்கும். நன்னூலார் நூலுக்கு வகுத்துரைத்த குற்றங்கள் பல பிரசங்கத்துக்கும் அப்படியே பொருந்துவன. திருநீலகண்ட நாயனார் குருபூசையிற் பேச எழுந்தவர், சைவத்தின் பழைமையிலே தொடங்கி, சிந்துவெளியிற் சிறிது தங்கி, தமிழின் பெருமையைப் பரப்பி, நாயனாரை இறுதி ஐந்து நிமிடத்திற் சந்திப்பாராயின், அது மற்றொன்று விரித்தலாம். முடிக்கும் வழி தெரியாது, "ஆகவே அன்பர்களே" என்று நான்கு முறை முடித்து, ஐந்தாம் முறையும் தொடங்குதல் கூறியது கூறலாம். தொடக்கத்தில் முழங்கிப் போகப்போக வலியிழந்து ஓய்தல் சென்றுதேய்ந் திறுதலாம். சித்தாந்தக் கலைச்சொற்களைப் பொருள் விரியாது அடுக்கிச் சொல்லிக் கேட்போரைத் திகைப்பித்தல் மயங்க வைத்தலாம். இக்குற்றங்களை மாணாக்கர் கட்டுரையிலே சிவப்பு மையாற் சுழித்துக் காட்டும் நாம், நம் பேச்சில் அவற்றைச் சுழித்துக் காட்டும் மை ஒன்று வைத்திருத்தல் முறையன்றோ?

ஆசிரியன் பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்தும் நன்னூலார் வழி காட்டினார். தகுந்த காலமும் இடமும் அறிந்து, தெய்வத்தை வாழ்த்தி, உரைக்கப்படும் பொருளை உள்ளத்தமைத்து, விரைவும் வெகுளியுமின்றி, முகமலர்ந்து, கொள்வோனுடைய கொள்ளும் வகையை அறிந்து கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இவற்றுள் "உள்ளத்தமைத்தல்" என்பதே மத்திமையைத் திருத்துதல். எழுந்து நிற்குமுன் "இன்று யான் சொல்லப்போவது யாது?" என்று தன்னைத் தான் வினாவி, ஒரு வாக்கியத்தில் விடை கூறமாட்டாதவன், ஒரு மணி நேரம் பேசினும் அவ்விடையைச் சபைக்குத் தரமாட்டான்.

மூன்றாவது பைசந்தி. இங்கேதான் நூல்கள் நம்மைத் தனியே விட்டு அகலுகின்றன. ஒவ்வொருவரும் தாமே தம்முட் புகுந்து பார்த்தல் வேண்டும். சொல்லுக்கு முன் நின்ற நோக்கம் யாது? கேட்போர் உய்ய வேண்டுமென்பதா? என் கல்வி வெளிப்பட வேண்டுமென்பதா? எனக்கு முன் பேசியவரை விஞ்ச வேண்டுமென்பதா? கோயிற் பரிபாலன சபையில் நிகழும் பிணக்கில் ஒரு பக்கத்தாரைக் குத்த வேண்டுமென்பதா? மயில் முட்டையின் நீர் ஒன்றுபோலத் தோன்றினும், பின்னர் இறகில் வெளிப்படும் வண்ணமெல்லாம் அதனுள்ளே கிடத்தல்போல, நோக்கத்திற் கிடந்த நிறமே ஈற்றிற் சொல்லிலும் வெளிப்படும். எத்துணை இனிய சொல்லால் மூடினும் குத்தல் குத்தலாகவே சென்று சேரும்.

திருவள்ளுவ நாயனார் அதிகாரங்களை வைத்த முறையும் இதற்குத் துணையாகும். அவையஞ்சாமை என்னும் அதிகாரம் 73ஆவது. அதற்கு முன்னுள்ளது அவையறிதல். அதற்கும் முன்னுள்ளது குறிப்பறிதல். அச்சம் நீங்கிப் பேசுதலையே முதலிற் கற்க விரும்புகின்றோம். நாயனார் அதனை ஈற்றில் வைத்தார். முதலிற் பிறர் முகத்தின் குறிப்பை அறிதல். பின்னர்ச் சபையின் தன்மையை அறிதல். அதன் பின்னரே அச்சமின்றிப் பேசுதல் என வரும் இம்முறையை நாம் உன்னுதல் வேண்டும். குறிப்பறியாதவனுடைய அஞ்சாமை, கண்ணில்லாதவன் வாள் வீசுதலை ஒக்கும். வாய்மை என்னும் அதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டதும் நோக்கற்பாலது. எதனையேனும் விட்டவனுக்கே உண்மை கூறுதல் எளிதாம். நாவலரவர்கள் பாதிரிமார் பாடசாலையின் உத்தியோகத்தை விட்டார், இல்வாழ்வை விட்டார், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார், அவர்தம் இறுதிக் காலத்திற் பஞ்சம் வந்தபொழுது கஞ்சி வார்க்கும் தருமம் நடத்தினார். தானத்தைப்பற்றிப் பேசிய வாய்க்குப் பின்னே கொடுத்த கையும் இருந்தது. அவர் சொல் நின்றமைக்குக் காரணம் குரல் மாத்திரமன்று.

இத்துணையும் எந்நாட்டுப் பிரசங்கியார்க்கும் பொதுவாம். இனி, நம் வன்னி நாட்டிலே பேசுவார்க்குச் சிறப்பாய் உரியன இரண்டுள.

ஒன்று அவையறிதல். வன்னியிலே ஒரு கோயின் மண்டபத்திற் கூடும் சபை ஒருதன்மையதன்று. தலைமுறை தலைமுறையாகக் குளத்தையும் வயலையும் காட்டையும் நம்பி வாழ்ந்த பழங்குடிகள் ஒருபால். கடந்த நூற்றாண்டின் முப்பதுகள் முதலாகக் குடியேற்றத் திட்டங்களால் யாழ்ப்பாணத்தினின்றும் கிளிநொச்சிப் பகுதிக்கு வந்தோர் வழியினர் ஒருபால். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலைநாட்டினின்றும் வந்து காடு வெட்டிக் குடியேறியோர் வழியினர் ஒருபால். இவர்கள் வழிபாட்டு வழக்கமும் ஒருதன்மையதன்று. மாரியம்மனையும் முனியாண்டியையும் கைதொழுது வளர்ந்த தாயொருத்தி முன்னிலையில், ஆகமவழிப்படாத வழிபாடெல்லாம் அறியாமை என்று ஒருவர் ஒரு வாக்கியத்திற் கூறிச் செல்லுவாராயின், அத்தாய் சைவத்தை விட்டு விலகுதற்கு ஒரு வாக்கியமே போதும். அவளை வாவென்றழைக்கும் வேற்றுச் சமயத்தார் வாயிலில் நிற்கின்றனர்.

வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் இதற்கு நல்ல உரைகல். வைகாசி மாதத்துப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் அங்கே திரளும். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீரை முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலில் வைத்து, அவ்வுப்புநீரில் விளக்கெரிக்கும் அற்புதத்தை மக்கள் கண்டு உருகுவர். நாவலரவர்களோ கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தவர். இஃது யாவரும் அறிந்ததே, மறைத்தலாற் பயனில்லை. அவர் காலத்தில் உயிர்ப்பலியுங் கள்ளும் பல கோயில்களிற் கலந்து நின்றன. சைவத்தைத் தூய்மைசெய்து நிறுத்தவேண்டிய கடன் அவர்மேல் இருந்தது. இன்று அவர் மாணாக்கர் மரபினராகிய நாம் வற்றாப்பளையில் நின்று அக்கண்டனத்தை அப்படியே எடுத்தோதுதல் அவர் வழியா? அன்றென்பதே எம் கருத்து. உயிர்ப்பலியை அவர் மறுத்தது என்றைக்கும் மாறாத அறம். அதனை அஞ்சாது கூறுக. ஆயினும், எத்தெய்வத்தை ஒருவன் அன்பால் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்று அவனுக்குப் பயனளிப்பவன் சிவபெருமானே என்பது சிவஞானசித்தியார் முடிபு. இம்முடிபினைக் கையிற் கொண்டவன் அம்மனுடைய முற்றத்தில் நின்றே அருட்சத்தியின் இலக்கணத்தைக் கூறலாம்; ஒருவர் மனமும் புண்படாது சிவத்தைக் காட்டலாம். இகழ்ந்து திருத்தப்பட்டவரினும், உடன்நின்று அழைத்துச் செல்லப்பட்டவரே நெடுந்தூரம் வருவர்.

மற்றொன்று இதனினும் கடியது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்து, கடற்கரையோரத்து முள்ளிவாய்க்கால் வரை சென்று, எண்ணற்ற உயிர்களை இழந்து, எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டு, பின்னரே மீளக் குடியேறினர். காணாமலாக்கப்பட்டோருடைய உறவினர், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி தங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கோயிலின் உள்ளே பிரசங்கம். வெளியே பிள்ளையின் படத்தை மடியில் வைத்த தாய். இவ்விரண்டும் ஒரு முற்றத்தில் நிகழும் நாடு இது. இங்கே எழுந்து நின்று, "எல்லாம் அவரவர் செய்த வினைப்பயன்" என்று கூறுபவர் என்ன கூறுகின்றார் என்பதை உணர்ந்துதான் கூறுகின்றாரா?

"வினைக்கொள்கை சித்தாந்தத்தின் தூண்களுள் ஒன்றன்றோ? கேட்போர் நோவர் என்று உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகோ?" எனின், மறைக்குமாறு யாங் கூறிற்றிலேம். கொள்கையைக் குறைபடக் கூறலாகாது என்றே கூறுகின்றேம். வினை சடமாதலின் தானே சென்று ஒருவனைப் பொருந்தமாட்டாது. முதல்வனே அதனைக் கூட்டுவான் என்பது சித்தாந்தம். எனவே, இன்னாருக்கு இன்ன துன்பம் இன்ன வினையால் வந்தது என்று அறிய வல்லவன் அவன் ஒருவனே. பிறனுடைய சஞ்சிதக் கணக்கைத் தான் கண்டவன்போற் சபையிற் படிப்பவன் இறைவனுக்குரிய அறிவைத் தனதென்று கொள்ளுகின்றான். இது முதற் பிழை. இனி, துன்பம் அனுபவிப்போனுக்கு அது பிராரத்தமாயினும், துன்பஞ் செய்தோனுக்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறும் என்பதும் அதே சித்தாந்தம். முன்னதை மாத்திரங் கூறிப் பின்னதை விட்டொழிதல் கொடுமை செய்தாரைக் காத்துக் கொடுமைப்பட்டாரைக் குற்றவாளியாக்குதலாம். இஃது இரண்டாம் பிழை. வினைக்கொள்கை கூறப்பட்டது உயிர் தன்னைத் திருத்திக்கொண்டு வீடடைதற்பொருட்டு. அயலான் துன்பத்தைக் கண்டு அமைதியாயிருத்தற்பொருட்டன்று. அதனை மறத்தல் மூன்றாம் பிழை.

அருளாளர் வரலாறுகளை நோக்குக. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் வருத்திற்று. நாயனார் வினையைக் காரணங்காட்டிச் சும்மாவிருக்குமாறு அவர்களிடஞ் சொன்னாரல்லர். வினையென்று சொல்லிக்கொண்டே அதினின்றும் உய்யும் வழியைத் தேடாதிருத்தல் குற்றம் என்று உணர்த்தி, அவ்வினை தீண்டாதிருக்கத் திருநீலகண்டத்தின்மேல் ஆணைவைத்துத் திருப்பதிகம் பாடியருளினார். அதிலே தம்மையும் அடியாரோடு ஒருங்கு கூட்டியே பாடினார். துன்புற்றோரை ஒருபுறத்தே நிறுத்தித் தாம் மறுபுறத்தே நின்றாரல்லர். சுரமும் அந்நாட்டை விட்டகன்றது. திருநாவுக்கரசு நாயனாரோ, திங்களூரிலே அப்பூதியடிகளுடைய மூத்த புதல்வன் அரவு தீண்டி இறந்தமையை அறிந்தபொழுது, நிலையாமையைப்பற்றி ஒரு வார்த்தையேனும் உபதேசித்திலர். உண்ண இருந்தவர் எழுந்தார். அவ்வுடலைச் சிவாலயத்தின் முன் கொணரச் செய்து பாடினார். நிலையாமையை அவரினும் நன்கறிந்தார் யாவர்? ஆயினும் அது கூறுதற்குரிய வேளையன்று என்பதை அவர் அறிந்தார்.

எனவே, வன்னியிற் பேசும் ஆசிரியர்க்கு ஒரு விதி கூறுவேம். வினையைத் தன்மையிற் கூறுக, முன்னிலையிற் கூறற்க. "யான் செய்த வினை" என்று ஒருவன் தன்னை நோக்கிக் கூறின் அது தெளிவு. "நீ செய்த வினை" என்று பிறனை நோக்கிக் கூறின் அது தண்டனை. தன் பிள்ளையை இழந்த தாய் தானே "என் வினை" என்று அழுவாளாயின், அவளருகில் இருந்து கேட்டல் போதும். அதனை ஆமென்று வழிமொழிதல் வேண்டா. அவளுக்கு இறைவன் துணையுண்டு என்பதனையும், அவள் பிள்ளையை இறைவன் மறந்திலன் என்பதனையும், அடியார்கூட்டம் அவளைத் தனியே விடாது என்பதனையும் கூறுக. மூன்றாவதைக் கூறியபின், அதனை மெய்யாக்குதற்கு மறுநாள் அவள் வீட்டுக்குச் செல்லுக. செல்லாதவன் அதனைக் கூறாதிருத்தலே நன்று.

பள்ளியிலும் இவ்விதி வேண்டப்படும். நல்வினை தீவினை என்னும் பாடத்தை நடத்தும்பொழுது, ஊனமுற்றிருத்தலும் வறுமையும் முற்பிறப்புத் தீவினையின் பயன் என்று எடுத்துக்காட்டுச் சொல்லுதல் எளிது. அவ்வகுப்பின் கடைசி வாங்கிலே, எறிகணையாற் காலிழந்த தந்தையின் பிள்ளை இருக்கலாம். அப்பிள்ளை பரீட்சையில் அவ்விடையை எழுதிப் புள்ளியும் பெறும்; வீட்டுக்குச் சென்று தந்தையை வேறு கண்ணாற் பார்க்கும். அந்தப் பார்வைக்கு உத்தரவாதி யார்? பாடஞ் சொன்னவரே. எடுத்துக்காட்டு வேண்டுமாயின், பொய் சொன்னவன் பிறர் நம்பிக்கையை இழத்தல், உதவி செய்தவன் உள்ளம் விரிதல் எனப் பிள்ளை தன் வாழ்விலேயே காணத்தக்கனவற்றைக் கூறலாம், அவை குறையா.

இனி, தன்னாராய்ச்சியை நாள்தோறும் நடத்துதற்கு எளிய முறையொன்று கூறி அமைவேம். பேசுமுன் மூன்று செய்க. சொல்லும் பொருளை ஒரு வாக்கியத்தில் எழுதுக. கேட்க வருவோர் யாவர், அவர்களுள் அண்மையில் இழப்புற்றோர் உளரோ என்பதைக் கோயிலாரிடம் வினாவி அறிக. எத்துணை நேரமென்று கேட்டு, அதினும் ஐந்து நிமிடங் குறையப் பேச உறுதிகொள்ளுக. பேசும்பொழுது ஒன்று செய்க. முன்வரிசையிலுள்ள தலைவரையும் விருந்தினரையும் நோக்காது, தூணோரத்தில் நிலத்திலிருக்கும் முதியவளை நோக்கிப் பேசுக. அவளுக்கு விளங்கியது யாவர்க்கும் விளங்கும். பேசியபின், அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து நான்கு வினாவுக்கு விடையெழுதுக. என் குரலும் உச்சரிப்பும் எங்கே பிழைத்தன? என் பொருள் எங்கே வழிமாறிற்று? யான் செய்யாத எதனைப் பிறரைச் செய்யுமாறு கூறினேன்? என் சொல்லால் நொந்திருக்கக் கூடியவர் யார்? முன்னைய இரண்டும் வைகரிக்கும் மத்திமைக்கும் உரியன. பின்னைய இரண்டும் பைசந்தியைச் சோதிப்பன. நான்காவதற்கு விடை ஒரு பெயராயின், அவரைச் சென்று காணுதலே அதன் திருத்தம்.

இவற்றோடு, நாவலரும் கார்த்திகேயையரும் நடத்திய முறையை ஈராசிரியர் கூடி நடத்துவார்களாக. ஒரு வாரம் ஒருவர் பேச, மற்றவர் பிள்ளைகளோடு இருந்து கேட்டுப் பின்னர்த் தனியிடத்தில் ஒரு நிறையும் ஒரு குறையும் மாத்திரங் கூறுக. பல குறை கூறின் நெஞ்சு மூடிக்கொள்ளும். மேலும், திங்கட்கிழமை காலை வகுப்பிலே, "வெள்ளிக்கிழமை கோயிலிற் கேட்டதில் உங்கள் மனத்தில் நிற்பது யாது?" என்று பிள்ளைகளை வினாவுக. பிள்ளைகள் முகத்துக்காகப் புகழமாட்டார்கள். ஆசிரியர் சொன்ன ஆறு தத்துவமும் போய், இடையிற் சொன்ன ஒரு கதை மாத்திரம் நிற்குமாயின், அடுத்தமுறை அக்கதையிலேயே தத்துவத்தை வைத்துச் சொல்ல ஆசிரியர் அறிந்துகொள்ளுவர்.

"இங்ஙனம் தன்னையே ஆராய்ந்துகொண்டிருப்பவன் வாய் திறக்கவே அஞ்சுவானன்றோ?" என்று சிலர் ஐயுறுவர். தன் புகழுக்கு ஊறு வருமோ என்னும் அச்சம் நாவைக் கட்டும். கேட்போர்க்கு ஊறு வருமோ என்னும் அச்சம் நாவைச் செம்மைசெய்யும். முன்னது தன்னை நோக்கியது. பின்னது பிறரை நோக்கியது. பின்னதைக் கைக்கொண்டவனுக்கு முன்னது தானே கழலும். தன் பேச்சின் அழகையும் அழகின்மையையும் ஓயாது நினைத்தல் ஆராய்ச்சியன்று. அதுவும் ஆணவத்தின் மற்றொரு முகமேயாம்.

நான்காவதாகிய சூக்குமையைப்பற்றி யாம் ஒன்றுங் கூறிற்றிலேம். அது நாம் திருத்தற்கு உரியதன்று. வாக்கின் மூலம் சுத்தமாயையிலே, முதல்வனது சத்தியின் செலுத்துதலால் நிகழ்வது. நாம் பேசுகின்றோம் என்று நினைக்கின்றோம். பேசும் ஆற்றல் நமதன்று. இரவல் பெற்ற பொருளைக் கையாளுபவன் அதனைக் கீறாது, உடையாது, உரியவனிடம் ஒப்புவித்தல் போல, இவ்வாக்கினை ஒருவர் நெஞ்சையுங் கீறாது ஆண்டு, சிவன் திருவடிக்கே மீள ஒப்புவித்தல் நம் கடன். மண்டபத்தில் எழுந்து ஒலிபெருக்கியைத் தொடுமுன் திருநீற்றைத் தரித்துத் திருவைந்தெழுத்தை ஒருமுறை உள்ளத்தே நினைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வொரு கணத்தில், "இன்று என் சொல்லால் ஒருவர் ஆறுதல் பெறுக; ஒருவரும் நோவாதிருக்க" என்று இறைவனை இரந்துகொண்டு பேசத் தொடங்குவோமாக. சைவாசிரியர் யாவர்க்கும் அவ்வாக்குத் தூய்மையைச் சிவபெருமான் அருளுவாராக.

சிவசிவ.